நாலாவது சுற்றில் ஒரு கிறீச்

மூன்றாவதும் ஓடி முடிந்தது. நௌஃபல் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கேள்வித்தாள் கொடுத்துவிட்ட வாத்தியார் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டான். "ம், சொல்லுங்க. ஒண்ணு எப்படி, ரெண்டு எப்படி, மூணு எப்படி? யாருக்கு எது புடிச்சுது?" என்றான். கோகிலவாணி மெல்லத் தலையை ஆட்டினாள், ஏதோ ஆழமாக யோசிக்கிறவள் போல. யோசிக்க அங்கே என்ன இருக்கிறது? மூன்றாவது தனி, அது பளிச்சென்று தெரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒன்றும் இரண்டும்? அட கடவுளே, ஒன்றும் இரண்டும் ஒன்றேதான். துளி வித்தியாசம் இல்லை. இருக்க வேண்டும், இல்லாமல் எப்படிப் போகும், கிட்டாரில் மாட்டியது வேறு வேறு பிக்கப், வேறு வேறு காந்தம், வேறு வேறு சுருள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே சால்டரிங் கம்பி பிடித்து, புகையை ஊதி ஊதி, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி வாசித்தவை. காந்தம் பொய் சொல்லாது. செப்புக் கம்பி பொய் சொல்லாது. அப்படியானால் மிச்சம் இருப்பது இந்தக் காதுதான், இந்த இடது காது. அவள் தனக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லாத கணக்கு: இன்றைக்கு இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் காது நன்றாக இருக்கிறது, எல்லாம் வெறும் பயம், முடியாவிட்டால் கிட்டாரை நௌஃபல் கையில் கொடுத்துவிட்டு, 'போதும்ப்பா, வயசாயிருச்சு' என்று ஏதாவது சொல்லிக்கொண்டு பேண்டை விட்டு விலகிவிட வேண்டியது. கேட்காத காதை வைத்துக்கொண்டு மெட்டல் இசை வாசிப்பதாவது! நேற்று ராத்திரி பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. பல் தேய்க்கும்போது எடுக்கிற முடிவெல்லாம் அவளுக்கு எப்போதும் பயங்கரமாகத்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், எந்தப் பிக்கப்பை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யப் பெயரை மறைத்துவைத்துக் கேட்க வேண்டும் என்ற சட்டத்தைப் போட்டவளே அவள்தான். இந்தப் பையன்களைப் பற்றித் தெரியாதா? டிரம்ஸ் அடிக்கிற ஜெரோம், பேஸ் வாசித்துக்கொண்டே கத்துகிற பிரகதீஷ், இரண்டாவது கிட்டார் நௌஃபல், மூன்று பேருமே ராத்திரி முழுக்க இன்டர்நெட்டில் எவன் எவனோ எழுதியதைப் படித்துவிட்டு வந்து, காலையில் தாங்களே கண்டுபிடித்தது போல் பேசுவார்கள். பேட்டரி போட்ட பிக்கப்தான் இப்போதைய மெட்டலுக்கு என்பான் ஒருவன். பேட்டரியா, உயிரே இருக்காது, செராமிக் காந்தம்தான் என்பான் இன்னொருவன். பெயரைப் பார்த்தால் கண் கேட்கும், காது சும்மா உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் நம்பர் மட்டும், எது எதுவென்று பதிவு செய்த நௌஃபலுக்கு மட்டும்தான் தெரியும், அவன் வாயைத் திறக்கக்கூடாது. பெரிய புத்திசாலி என்ற நினைப்பு அவளுக்கு. தான் வெட்டிய குழியில் தானே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் இப்போது. இருந்தும் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை நினைத்தால் இந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு குஷி கிளம்பத்தான் செய்கிறது, என்ன செய்ய. பிக்கப் என்றால் ஒன்றுமில்லை, கிட்டார் கம்பிக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொருள், உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றி தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே கம்பி ஆடினால் இதற்குள் கரண்ட் கிளம்பும், அந்தக் கரண்ட்தான் போய் ஆம்ப்ளிஃபயரில் இடியாக இறங்கும். அவள் வேலை பார்ப்பது பம்ப்செட் கம்பெனியில், மோட்டார் சோதிக்கிற பிரிவில். அங்கேயும் நாள் பூராவும் காந்தம், செப்புக் கம்பி, சுருள். அங்கே கரண்ட் உள்ளே போனால் சுற்றும், இங்கே ஆடினால் கரண்ட் வெளியே வரும். அதே குடும்பம்தான், தலைகீழாக. காலையில் தண்ணி இறைக்கிற சுருள், சாயங்காலம் இடி இறைக்கிற சுருள் என்று ஒருமுறை தன் கணவன் தாமோதரனிடம் சொன்னாள். அவன் தோசையைத் திருப்பிக்கொண்டே, "ரெண்டுக்கும் கரண்ட் பில் நாந்தான் கட்டறேன்" என்றான்.

"வாணிக்கா யோசிக்கட்டும், நான் சொல்றேன்" என்று ஜெரோம் டிரம் குச்சியைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தான். இடிகரைக்காரன். பேண்டுக்கு இடிகரை என்று பெயர் வந்ததே அவன் ஊரால்தான். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ஊரே பயந்து ஓடும் என்று நினைத்தார்கள், ஊர்க்காரர்கள் பஸ் நம்பர் என்ன என்று கேட்டார்கள். "ஒண்ணு இருக்குதுல்லங்க்கா, அது வறுத்த கடலை. கடிச்சா நறுக்குனு இருக்கு. ரெண்டு அவிச்ச கடலை. ருசி ஜாஸ்தி, ஆனா கடி கம்மி. மூணு... மூணு வேண்டாம்ங்க்கா, அது ஊறிப்போன பொரி." பிரகதீஷ் உடனே, "அதே, அதே! நான் சொல்லலாம்னு இருந்தேன். ஒண்ணுல நடு சத்தம் முன்னாடி வந்து நிக்குது. ரெண்டுல கொஞ்சம் உள்ள போயிருது, ஆனா அடி சத்தம் ரெண்டுலதான் அகலம்" என்றான், கையை அகலமாக விரித்துக் காட்டி. எவ்வளவு அகலம் என்று பாருங்கள், ஒரு முழம் காட்டுகிறான். கோகிலவாணி அந்த முழத்தையே பார்த்தாள். இவனுக்குக் கேட்கிறது. ஜெரோமுக்குக் கேட்கிறது. டிரம்ஸுக்கு நடுவிலேயே குடியிருக்கிறவன், அவன் காதுதான் முதலில் போயிருக்க வேண்டும், அவனுக்குக் கடலையை வறுத்ததா அவித்ததா என்று பிரிக்கத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. ஏழு கம்பி கிட்டார், அதிலும் அந்த ஏழாவது கம்பி இருக்கிறதே, சைக்கிள் பிரேக் கம்பி கணக்காக, அதைத் தளர்த்திக் கீழே இறக்கி, உள்ளங்கை ஓரத்தால் அமுக்கிக்கொண்டு அடித்தால் ஜக், ஜக், ஜக்ஜக்ஜக் என்று வர வேண்டும், அடித்த இடத்தில் நிற்க வேண்டும், கொளகொளவென்று வழியக் கூடாது. நல்ல பிக்கப் என்றால் அந்தக் கொளகொளப்பை நிறுத்தும், அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நிற்கும். அதைக் கேட்டுப் பிரிப்பதில் இந்த நால்வரில் அவள்தான் கெட்டிக்காரி என்று பெயர். இருந்தது. இப்போது கடலைக்காரன் முந்திக்கொண்டான்.

போன மாதம் அந்த இன்ஜினியரிங் காலேஜ் விழாவுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மேடையில் ஸ்பீக்கரை அவள் இடதுபக்கம் ஒட்டிவைத்துவிட்டார்கள், நகர்த்தச் சொல்லலாம்தான், ஆனால் எதிரே அவ்வளவு பிள்ளைகள், தலையை ஆட்டிக்கொண்டு, முடியைச் சுழற்றிக்கொண்டு, முதல் வரிசையில் சுடிதார் போட்ட ஒரு பெண் துப்பட்டாவைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு குதிக்கிறாள், அந்த நேரத்தில் யார் ஸ்பீக்கரைப் பற்றி நினைப்பார்கள்? அன்றைக்கு மாதிரி சந்தோஷம் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்! வீட்டுக்கு வந்து தலையணையில் தலை வைத்தபோது இடது காதுக்குள் ங்ங்ங் என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. காலையில் போய்விடும் என்று நினைத்தாள், போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, பிறகு போனது, ஆனால் போய்விட்டதா, பழகிவிட்டதா என்று நிச்சயமாகத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. அதற்கப்புறம் சின்னச் சின்ன விஷயமெல்லாம் சாட்சி சொல்ல வந்தன. தாமோதரன் சமையலறையிலிருந்து கூப்பிட்டது கேட்கவில்லை. "என்ன, காது டமாரமா?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அடுப்படியில் மிக்ஸி ஓடியது, யாருக்குமே கேட்டிருக்காது, ஆனாலும். போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். வேலைக்குப் போகிற வழியில் காது மூக்கு தொண்டை டாக்டர் போர்டு ஒன்று இருக்கிறது, அதில் பெரிய காது ஒன்றை வரைந்து வைத்திருப்பார்கள், அதைக் கடக்கும்போது ஸ்கூட்டரை ஒரு முறுக்கு அதிகமாக முறுக்குவாள். கம்பெனிக்கு வருஷா வருஷம் வேன் வரும், காதைச் சோதிக்க. ஹெட்போனை மாட்டி உட்கார வைத்து, பீப் கேட்டால் பட்டனை அமுக்கு என்பார்கள். வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் சூட்சுமம் தெரியும், நர்ஸம்மாவின் முழங்கையைப் பார்த்தால் போதும், அது லேசாக அசைந்தால் பீப் விட்டாயிற்று, அமுக்கிவிட வேண்டியதுதான். பம்ப் சோதிக்கிற சத்தத்தில் இருபது வருஷம் நின்ற பெரியவர்கள்கூட, கூப்பிட்டால் திரும்பாதவர்கள், அந்த வேனிலிருந்து முழு மார்க் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். இந்த வருஷம் வேன் வந்த அன்று அவள் லீவு போட்டாள். வயிற்று வலி என்று சொன்னாள். காதுக்கு வந்ததை வயிற்றின் மேல் போட்டாள், பாவம் வயிறு.

"என்னங்க்கா, நீங்க சொல்லுங்க" என்றான் நௌஃபல். அவன் முகத்தைப் பார்த்தாள். அட, நர்ஸம்மாவின் முழங்கை இங்கேயும் இருக்கிறது! இவன் புருவத்தைப் பார்த்துக்கொண்டே பேசினால் போதுமே. "ஒண்ணு கொஞ்சம்..." என்று இழுக்க வேண்டியது, புருவம் ஏறினால் 'இறுக்கமா இருக்கு' என்று முடிக்க வேண்டியது, இறங்கினால் 'தளர்வா இருக்கு'. இல்லாவிட்டால் பிரகதீஷ் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லிவிடலாம், நடு சத்தம், அடி சத்தம், அகலம், எவன் வந்து அளக்கப் போகிறான். வாய்வரை வந்துவிட்டது. ஆமாம் ஜெரோம், வறுத்த கடலைதான், கரெக்டா சொன்னே. சொல்லிவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் ஒன்றும் தெரியாது, அடுத்த மாதம் பாட்டைப் பதிவு செய்யலாம், அடுத்த மேடை, அடுத்த மேடை, கடைசியில் ஒருநாள் முழுக்கச் செவிடாகி, முழங்கையைப் பார்த்துக்கொண்டு கிட்டார் வாசிக்கிற ஒருத்தி. சே. பொய் சொல்லி இந்த அறையில் உட்கார முடியாது. இந்த அறை அவளுக்கு அவ்வளவு பிடித்த அறை. கணபதி ஏரியாவில், மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் கடைக்கு மேலே மாடி, சுவரெல்லாம் சத்தத்தை அடக்க முட்டை அட்டை, கீழேயிருந்து எப்போதும் வார்னிஷ் வாசனை ஏறிவரும், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தாலும் வாசனை மட்டும் லீவு எடுக்கவில்லை. பெற்றவர்கள் கோகிலவாணி என்று பெயர் வைத்து, பாட்டு கிளாஸில் சேர்த்துவிட்டார்கள், குயில் மாதிரி பாடுவாள் என்று. குயில் இங்கே வந்து உறுமிக்கொண்டிருக்கிறது. உறுமும்போதுதான் தான் தானாக இருப்பதாக அவளுக்குத் தோன்றும். "இன்னொருக்கா போடு" என்றாள். "ஒண்ணும் ரெண்டும் மட்டும். அடுத்தடுத்து." ஜெரோம், "பார்றா, மேடம் நுணுக்கம் பாக்கறாங்க" என்றான். அவள் முடியை ஒதுக்குகிற சாக்கில் வலது காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டாள். வா, இடது காதே, உன்னைத்தான் பார்க்க வேண்டும் எனக்கு.

ஒன்று ஓடியது. ஜக், ஜக், ஜக்ஜக்ஜக். அவள் வாசித்ததுதான், எட்டுச் சுற்று, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. அய்யோ, நன்றாகத்தான் இருக்கிறது, பயத்துக்கு நடுவிலும் கால் பெருவிரல் தானாகத் தாளம் போடுகிறது, இந்தக் காலுக்கு வெட்கமே கிடையாது. முதல் சுற்று, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது சுற்றின் முடிவில், இரண்டு அடிக்கு நடுவே சத்தமெல்லாம் சட்டென்று அறுந்து நிற்கிற அந்தக் கண்ணிமைக்கிற இடைவெளியில், கிறீச். கொசு ரீங்காரம் அளவுக்கு ஒரு கிறீச். வந்துவிட்டதா? அந்த ங்ங்ங்தான் வேறு உருவத்தில் வந்துவிட்டதா? மற்றவர்களைப் பார்த்தாள், யாரும் அசையவில்லை, பிரகதீஷ் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு அது கேட்கவில்லை. அவளுக்கு மட்டும்தான் கேட்டது. இல்லாத சத்தம் கேட்பது, இருக்கிற சத்தம் கேட்காமல் போவதைவிட மோசம் இல்லையா, கம்பெனியில் அவள் பிரிவு மேஸ்திரி ஒருவருக்கு அப்படித்தான், மோட்டார் நின்ற பிறகும் ஓடுகிறது என்பார். இரண்டு ஓடியது. கையை இன்னும் அழுத்திக்கொண்டாள். முதல் சுற்று, இரண்டாவது, மூன்றாவது, வராதே, தயவுசெய்து வராதே, நாலாவது, கிறீச். அதே இடம். துல்லியமாக அதே இடம். அதே நீளம், கடைசியில் லேசாக மேலே ஏறி அறுந்துபோகிற அதே வால். என்ன காது இது, தாளம் தவறாமல் இரைகிற காது! ஜெரோம்கூட இவ்வளவு தாளம் தவறாமல் அடித்ததில்லை. அந்த நினைப்பில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு நிமிஷம். காது இரைவதாக இருந்தால் இரைகிற நேரத்துக்கு இரையும், அதற்கு நாலாவது சுற்று என்று எப்படித் தெரியும்? "மூணாவதைப் போடு" என்றாள். "அது ஊறிப்போன பொரிங்க்கா" என்றான் ஜெரோம். "போடுடா." மூன்று ஓடியது, கொளகொளவென்று, அவள் வலது காதை அடைத்தபடி, மூச்சைப் பிடித்தபடி. முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தமான இடைவெளி. எட்டாவது சுற்று வரைக்கும் கிறீச் இல்லை.

அப்போது ஞாபகம் வந்தது, எங்கிருந்தோ, வார்னிஷ் வாசனையோடு சேர்ந்து. வெள்ளிக்கிழமை. கீழே கடை திறந்திருந்தது. முதலில் கிட்டாரோடு வந்த பழைய பிக்கப்பில் வாசித்தாள். பிறகு செராமிக்கை மாட்டி, டீ குடித்துவிட்டு, வாசிக்க ஆரம்பித்து, ஒன்று, இரண்டு, மூன்று சுற்று, அற்புதமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கீழே எவனோ ஒரு பெரிய மோட்டாரைச் சுற்றி முடித்து ஓடவிட்டுப் பார்த்தான். தடார் என்று ஒரு உலுக்கு. தரை நடுங்கியது, அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் நடுங்கியது, தூக்கிவாரிப் போட்டதில் இடது கை விரல் ஏழாவது கம்பியில் வழுக்கியது. கிறீச். நிறுத்தவில்லை, சமாளித்து அப்படியே வாசித்து முடித்தாள். 'இது ஒன்றும் பெரிதாகக் கேட்காது' என்று தானே சொல்லிக்கொண்டாள், பிறகு மறந்தேபோனாள். பிறகு பேட்டரி பிக்கப்பை மாட்டினாள், அதில் ஒரு தப்பும் இல்லை, வழவழவென்று எட்டுச் சுற்று. விரல் வழுக்கியது ஒரே ஒரு தடவை. ஒரு தடவை வழுக்கிய விரல் இரண்டு பிக்கப்பில் எப்படிக் கிறீச்சிடும்? அதே இடத்தில், அதே வாலோடு? எந்த மனுஷியாலும் ஒரு தப்பை அச்சு அசலாக இரண்டு தடவை செய்ய முடியாது, சரியைத்தான் செய்யலாம், அதற்கே வருஷக்கணக்கில் பழக வேண்டும். அப்படியென்றால். அப்படியென்றால் என்ன அர்த்தம்? உள்ளங்கையைக் காதிலிருந்து எடுத்தாள். ஆனாலும் இந்தப் பயம் லேசில் விடுமா? தப்பாக இருந்தால்? நினைவே பொய்யாக இருந்தால்? வழுக்கியது செராமிக்கிலா, இல்லை பேட்டரியிலும் ஒருமுறை வழுக்கினாளா? இல்லை. இல்லவே இல்லை. அந்த விரலின் நுனிக்குத் தெரியும். போகட்டும், தப்பாகப் போனால் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியது, கிட்டாரை நௌஃபலுக்குக் கொடுத்துவிட வேண்டியது. பயந்துகொண்டே வாழ்வதற்கு அது எவ்வளவோ மேல்.

"எனக்கு ஒண்ணும் ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்றாள். சொல்லிவிட்டாள். ஜெரோம் குச்சியைக் காதிலிருந்து உருவினான். "வாணிக்கா, என்ன இப்படிச் சொல்லிட்டீங்க? அது வறுத்தது, இது அவிச்சது." "இல்லைடா. ஒரே மாதிரி இருக்குன்னு சொல்லலை, ரெண்டும் ஒண்ணேதான். நாலாவது சுத்துல என் விரல் வழுக்குன சத்தம் ஒண்ணு இருக்கு. ரெண்டுலயும் இருக்கு. ஒரே இடத்துல. நான் ஒரு தடவைதான் வழுக்கினேன்." நௌஃபல், "வாய்ப்பே இல்லைங்க்கா, நான் தனித்தனியாத்தான் எடுத்து வச்சேன், நம்பர் போட்டதே நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திருப்பினான். சொன்னான், தேடினான், திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோனான். பிறகு மிக மெதுவாக, "அடப்பாவமே" என்றான். "எடுத்து வைக்கறப்போ செராமிக்கையே ரெண்டு தடவை எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணுக்கு ஒண்ணுன்னு பேரு, இன்னொண்ணுக்கு ரெண்டுன்னு பேரு, மூணு அந்தப் பழசு. பேட்டரி அங்கேயேதான் கெடக்குது, அதை நாம கேக்கவே இல்லை." அப்புறம் பிரகதீஷ் ஆரம்பித்தான், தரையில் உட்கார்ந்துவிட்டான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒரு முழம் அகலம் காட்டினேனே, ஒரு முழம்!" என்று தன்னையே பார்த்துச் சிரித்தான். "அப்போ அவிச்ச கடலை?" என்றான் ஜெரோம் பரிதாபமாக. "ரெண்டும் ஒரே பொட்டலம்தான்டா" என்றாள் கோகிலவாணி, சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பில் வந்ததா வேறெதிலாவது வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. சந்தோஷம், வெறும் சந்தோஷம். மூன்று பேர் காதுக்கும் எட்டாத கிறீச் அவளுக்கு எட்டியிருக்கிறது. அதுவும் வலதை அடைத்துக்கொண்டு, இந்த இடது காதில், அவள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்த இந்த இடது காதில். மன்னிச்சுக்கோடி, என்று அதற்கு மனசுக்குள் சொன்னாள்.

பிறகு பேட்டரியைப் போட்டார்கள். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது, இதுவல்லவோ வித்தியாசம், ஒரு தூசி இல்லை, ஒரு பிசிறு இல்லை, ஒவ்வொரு ஸ்வரமும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி தனித்தனியாக மடித்து வைத்திருக்கிறது. நல்லதுதான், குறை சொல்ல முடியாது, ஆனால் எட்டுச் சுற்றும் ஓடி முடிவதற்குள் அவளுக்குக் கொஞ்சம் போரடித்தது. செராமிக்கில் அடி விழும்போது ஒரு முரட்டுத்தனம் இருந்ததே, கீழே மோட்டார் ஓடினால் மேலே ஸ்டூல் நடுங்குமே, அந்த நடுக்கம், அது இதில் இல்லை. "செராமிக்" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை, இன்றைக்கு மறுத்துப் பேசுகிற தைரியம் அந்த அறையில் எவனுக்கும் இல்லை. அந்தச் சந்தோஷத்திலேயே விஷயத்தையும் போட்டு உடைத்தாள்: காலேஜ் விழா, ங்ங்ங், டாக்டர் போர்டு, வேன், வயிற்று வலி. பையன்கள் சிரிப்பதை நிறுத்திக் கேட்டார்கள். ஜெரோம் பையைத் துழாவி ஆரஞ்சு நிறத்தில் இரண்டு காது அடைப்பானை எடுத்து அவள் மடியில் போட்டான், புதிது, பிரிக்காதது. "நான் தினம் போட்டுத்தாங்க்கா அடிக்கறேன். பின்ன என் காது எப்படித் தப்பிச்சுதுன்னு நெனச்சீங்க? நாளைக்கு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். கூட வந்தா பயம் இருக்காது." "பயம் இல்லைடா இப்போ" என்றாள். நிஜமாகவே இல்லை. டாக்டர் நல்லதும் சொல்லலாம், கொஞ்சம் பார்த்துப் போ என்றும் சொல்லலாம், சொல்லட்டும், முழங்கையைப் பார்க்காமல் பட்டனை அமுக்கிவிட்டு வர அவளால் முடியும். நௌஃபல் கர்சரை எங்கோ கொண்டுபோய் நிறுத்தி, "அந்தக் கிறீச்சை இப்பவே அழிச்சர்றேன், ஒரு நிமிஷ வேலை" என்றான். "தொட்டே, கையை ஒடிச்சுருவேன்" என்றாள் அவள். "பாட்டைப் பதிவு பண்றப்போ இந்த வரியை இப்படியேதான் வைக்கறோம். அது இருக்கட்டும்." அவன் புரியாமல் பார்த்தான், பிறகு சரி என்று கையை எடுத்தான்.

போன் அடித்தது. தாமோதரன். பழக்கத்தில் வலது பக்கம் போன கை பாதி வழியில் நின்றது, அவள் அதை இடது காதில் வைத்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, அதற்கும் பின்னால் பக்கத்து வீட்டு டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். "வர்றப்போ கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் ரெண்டு" என்றான் அவன், பிறகு மிக்ஸியைத் தாண்டிக் கத்தினான், "ஏய், கேக்குதா?"

"கத்தாதீங்க" என்றாள் கோகிலவாணி. "எல்லாமே கேக்குது."